திருப்பூர்: எண்ணாமல் போடும் சாலைகள்

2018-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 12,216 பேர். அடுத்த ஆண்டு 10,525. அதற்கடுத்த ஆண்டு சுமார் 8,060. மாநிலம் கொடுத்து, ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தன் ஆண்டறிக்கைகளில் அச்சிட்ட கணக்கு இது. 2016-இல் இறந்தவர்கள் 17,218 பேர். அதனோடு வைத்துப் பார்த்தால் நான்கே ஆண்டில் சாவு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. 2021 தொடக்கத்தில் ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி தமிழ்நாட்டை மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரியாகக் காட்டினார்.

பிறகு கணக்கு திருத்தப்பட்டது. அதே அமைச்சகத்தின் பிந்தைய அறிக்கைகளில் 2018-க்கு நேரே 18,394 என்று இருக்கிறது. 2019-க்கு 18,129. ஊரடங்கு ஆண்டான 2020-க்கு 14,527. இந்த மூன்று ஆண்டுகளில் மட்டும் 20 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களின் சாவு முதல் கணக்கில் ஏறவே இல்லை. பின்னால் வந்த எண்களையும் சேர்த்துப் பாருங்கள்: 2022-இல் 17,884, 2023-இல் 18,347. பாதியாகக் குறைந்துவிட்டது என்று பாராட்டப்பட்ட சாவு, ஊரடங்குக் காலம் நீங்கலாக, இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது.

இந்தத் திருத்தம் பற்றிப் பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை. அட்டவணையில் ஓர் எண் போய் இன்னோர் எண் வந்தது, அவ்வளவுதான். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் எந்தச் சந்திப்புக்கு விளக்கு, எந்தச் சாலைக்குத் தடுப்பு, எந்த ஊருக்கு விபத்துச் சிகிச்சைப் பிரிவு என்பதெல்லாம் பழைய எண்ணைப் பார்த்தே முடிவாகியிருக்கும். தவறான எண்ணைத் திருத்தலாம். அதை நம்பிப் போட்ட சாலையைத் திருத்துவது அவ்வளவு எளிதல்ல. திருப்பூர் போன்ற பனியன் தொழில் ஊர் இதை மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

ஒரு சாவு கணக்கிலிருந்து நழுவ யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு ஒன்பது மணிக்கு தாராபுரம் சாலையில் மொபெட்டில் வீடு திரும்பும் ஒரு செக்கிங் தொழிலாளியை எண்ணிக்கொள்ளுங்கள். பின்னால் வந்த வண்டி இடித்துத் தலையில் அடி. காவல் நிலையத்தில் காயம் என்று வழக்குப் பதிவாகிறது. முதலுதவி திருப்பூரில், பெரிய சிகிச்சை கோவையில். பன்னிரண்டாம் நாள் அவர் இறந்துபோகிறார். விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் அது சாலை விபத்துச் சாவு என்பதுதான் உலகம் முழுவதும் பின்பற்றும் வரையறை. கோவை மருத்துவமனையிலிருந்து தகவல் திருப்பூர் நிலையத்துக்கு வந்து, வழக்கின் பிரிவு மாற்றப்பட்டு, அந்த மாற்றம் மாவட்டக் கணக்குக்கும் போய்ச் சேர வேண்டும். மூன்றில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அவர் அரசின் அட்டவணையில் காயமடைந்தவராகவே இருப்பார்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய குறையல்ல. 2016-இல் இந்தியச் சாலைகளில் 1,50,785 பேர் இறந்ததாக அரசு சொன்னது. உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டுக்கு மதிப்பிட்டது ஏறக்குறைய 2,99,000. இரண்டுக்கும் நடுவில் எங்கோ உண்மை இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை.

எண்ணிக்கை நழுவினால் சாலையில் என்ன ஆகும் என்பதற்கு ஒரு விதியை மட்டும் பார்ப்போம். தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்தில் மூன்று ஆண்டுகளில் சாவோ பெருங்காயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள் நடந்திருந்தால், அல்லது பத்துப் பேர் இறந்திருந்தால், அந்த இடம் கரும்புள்ளி என்று குறிக்கப்படும். குறித்தபின்தான் பணம், வடிவமைப்பு மாற்றம், கண்காணிப்பு எல்லாம் வரும். நான்கு விபத்துகளில் எட்டு சாவு பதிவாகி, மேலும் மூன்று சாவு மருத்துவமனை ஏட்டிலேயே நின்றுவிட்டால், அங்கே கரும்புள்ளி இல்லை. சரிசெய்யும் திட்டமும் இல்லை. பதினோராவது ஆளின் குடும்பத்துக்குத் தெரியும், அந்த இடத்தில் என்ன நடக்கிறதென்று. அலுவலகத்துக்குத் தெரியாது.

2020 பிப்ரவரி 20 அன்று விடியற்காலையில் அவினாசி அருகே நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி நடுத்தடுப்பைத் தாண்டிவந்து, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசுப் பேருந்தின் மேல் மோதியது. 19 பேர் இறந்தார்கள். இந்தப் பகுதியில் யாரும் அதை மறக்கவில்லை. திருத்திய கணக்கின்படி அதே ஆண்டில் தமிழ்நாட்டில் ஒரு நாளைக்குச் சராசரியாக இறந்தவர்கள் ஏறக்குறைய 40 பேர். அதாவது நாளுக்கு இரண்டு அவினாசி விபத்து. அவை ஒவ்வொன்றாக, தனித்தனிச் சாலைகளில், பெரும்பாலும் இருசக்கர வண்டிகளில் நடப்பதால் செய்தியாவதில்லை. நாட்டிலேயே இருசக்கர வாகன விபத்தில் அதிகம் பேர் இறக்கும் மாநிலமாகத் தமிழ்நாடு இருந்துவருகிறது. இரண்டு சக்கரத்தில் ஓடும் ஊர் திருப்பூர்.

இவ்வளவும் இறந்தவர்களைப் பற்றி. உயிரோடு பயணம் செய்பவர்களை இந்த ஊர் இதைவிடக் குறைவாகத்தான் எண்ணியிருக்கிறது.

ஒரு பனியன் உருவாகும் வழியைத் தெருவில் நின்று பார்க்க வேண்டும். மில்லிலிருந்து வரும் நூல் மூட்டை நிட்டிங் யூனிட்டுக்குப் போகிறது. அங்கே துணியாகி, ரோல் ரோலாகச் சாயப்பட்டறைக்கு. அங்கிருந்து காம்பேக்டிங். பிறகு கட்டிங். வெட்டிய துண்டுகள் கட்டுக்கட்டாகப் பிரிண்டிங்குக்கும் எம்பிராய்டரிக்கும் போய்விட்டுத் தையலுக்குத் திரும்புகின்றன. பவர் டேபிளில் தைத்த பிறகு காஜா பட்டன், செக்கிங், அயர்ன், பேக்கிங். கடைசியில் கண்டெய்னரில் ஏறி 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள தூத்துக்குடித் துறைமுகத்துக்கு. இத்தனையும் ஒரே காம்பவுண்டுக்குள் நடக்கும் பெரிய கம்பெனிகள் உண்டு. ஆனால் ஊரின் பெரும்பகுதி ஜாப் ஒர்க்கில் ஓடுகிறது. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையில் இங்கே ஒரு தெரு இருக்கிறது. வேறு ஊர்த் தொழிற்சாலையில் கன்வேயர் பெல்ட் செய்வதை இங்கே குட்டியானையும் டிவிஎஸ் மொபெட்டும் செய்கின்றன.

ஆகவே திருப்பூரில் ஒரு சாலை அடைத்துக்கொண்டால் ஆட்கள் தாமதமாவதோடு நிற்பதில்லை, உற்பத்தி வரிசையே நின்றுவிடுகிறது. கப்பல் தேதிக்குள் சரக்கு போகாவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். அந்தச் செலவு ஆர்டரின் லாபத்தைத் தின்றுவிடும் என்பது இங்கே எந்த மெர்ச்சண்டைசருக்கும் தெரியும்.

இந்த ஓட்டம் போக்குவரத்து ஆய்வில் எப்படிப் பதிவாகிறது? சந்திப்பில் ஆள் நிறுத்தியோ கேமரா வைத்தோ எண்ணுவார்கள். குட்டியானை போனால் இலகுரகச் சரக்கு வாகனம் என்ற கட்டத்தில் ஒரு கோடு விழும். எங்கிருந்து எங்கே போகிறது, எத்தனையாவது நடை, சாயத்துக்குப் போகிறதா சாயத்திலிருந்து வருகிறதா என்பது அந்தக் கோட்டில் இருக்காது. மொபெட்டின் முன்பக்கத்தில் கால் வைக்க இடமில்லாமல் கட்டிய துணிமூட்டை அந்தக் கணக்கில் வெறும் இருசக்கர வாகனம்.

எண்ணிய வண்டிகளை ஒரே அளவுக்குக் கொண்டுவர ஒரு வாய்பாடு உண்டு. கார் ஒன்று என்று வைத்துக்கொண்டு, மற்ற வண்டிகளுக்கு அதன் மடங்கில் மதிப்புக் கொடுப்பார்கள். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1990-இல் வெளியிட்ட நகரச் சாலை வழிகாட்டியில் மோட்டார் சைக்கிளுக்கு 0.5 முதல் 0.75 வரை, சைக்கிளுக்கு 0.4 முதல் 0.5 வரை, பேருந்துக்கு 2.2 முதல் 3.7 வரை. சாலையின் கொள்ளளவைக் கணக்கிட இது தேவையான வாய்பாடுதான், அதில் பிழை இல்லை. அதை வைத்து என்ன முடிவெடுக்கிறோம் என்பதில்தான் பிழை. அறுபது பேர் ஒரு பேருந்தில் போனால் அதிகபட்சம் 3.7. அதே அறுபது பேர் நாற்பது பைக்கில் போனால் 20 முதல் 30 வரை. எண் பெரிதாகத் தெரிவதால் பைக்குகள் ஓடும் சாலைக்கு மேம்பாலம் வேண்டும் என்று அறிக்கை சொல்லும். பேருந்து நிறைந்த சாலை எண்ணில் சிறுத்துப்போவதால் அதற்குத் தேவை குறைவு என்று தோன்றும். நடந்து போகிறவருக்கு இந்த வாய்பாட்டில் மதிப்பே கிடையாது. நடைபாதைக்குத் தனி வழிகாட்டி இருக்கிறது. ஆனால் பணம் ஒதுக்கும் மேசைக்குப் பெரும்பாலும் வந்துசேர்வது வண்டிக் கணக்குதான்.

வெளிமாநிலத்திலிருந்து வந்து, கம்பெனிக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் அறையில் ஏழெட்டுப் பேராகத் தங்கி, காலையில் வரிசையாக நடந்து போகும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் இளைஞர்கள் அந்தக் கணக்கின்படி சாலையில் இல்லை.

சாலையை அகலமாக்கினால் தீர்ந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஜில்ஸ் துரந்தோன், மேத்யூ டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்கப் பெருநகரங்களின் பல ஆண்டுத் தரவை எடுத்துக்கொண்டு 2011-இல் ஒரு முடிவைச் சொன்னார்கள். நகருக்குள் நெடுஞ்சாலைத் தடத்தின் நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடிவிடுகிறது. புதிதாகக் கிடைத்த இடம் புதிய ஓட்டத்தால் நிரம்பிவிடுகிறது. திருப்பூருக்கு இது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ரயில்பாதையும் நொய்யலும் ஊரைக் கிழக்கு மேற்காக இரண்டு இடத்தில் வெட்டுகின்றன. வடக்கிலிருந்து தெற்கே போக வேண்டிய ஒவ்வொரு வண்டியும் சில பாலங்களிலும் சுரங்கப்பாதைகளிலும் நுழைந்துதான் போக வேண்டும். இப்படிப்பட்ட ஊருக்கு இன்னொரு பாலம் உண்மையிலேயே தேவைப்படலாம். எங்கே, யாருக்காக, எவ்வளவு அகலத்தில் என்பதற்கு வண்டிக் கணக்கு மட்டும் பதில் சொல்லாது. அதன்மேல் யார், எதை எடுத்துக்கொண்டு, எங்கே போகப்போகிறார்கள் என்று தெரிய வேண்டும்.

தெரிந்துகொள்ள வழியில்லாமல் இல்லை. ஜாப் ஒர்க்குக்குப் போகும் ஒவ்வொரு சரக்கோடும் டெலிவரி சலான் (டிசி) போக வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. டிசி இல்லாமல் ஒரு ரோல்கூட கேட்டைத் தாண்டாது. யார் அனுப்புகிறார், யாருக்கு, என்றைக்கு, எவ்வளவு, எல்லாம் அதில் எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குத்தான் இ-வே பில் வேண்டும் என்பதால், அதற்குக் கீழான ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன நடைகள் அரசின் கணினியில் தெரியாது. டிசி புத்தகத்தில் தெரியும். இருநூறு யூனிட்டுகளை இடம்வாரியாகத் தேர்ந்து, பார்ட்டியின் பெயரையும் விலையையும் மறைத்துவிட்டு, ஒரு வார டிசிகளை மட்டும் வாங்கிப் பதிவு செய்தால் போதும். இந்த ஊரின் சரக்கு எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு நகர்கிறது என்ற வரைபடம் கிடைத்துவிடும். கோவையின் பொறியியல் கல்லூரிகளில் ஒரு முதுகலை மாணவர் குழுவுக்கு இது ஒரு பருவ வேலை. ஒரு மேம்பாலத்தின் மதிப்பீட்டுச் செலவோடு ஒப்பிட்டால் இதற்காகும் பணம் கண்ணுக்கே தெரியாது.

ஆட்களின் பயணத்துக்கும் இதே நிலைதான். திருப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பெண்களை அள்ளிக்கொண்டு வருபவை கம்பெனி வேன்களும் கம்பெனி பஸ்களும். விடிந்ததும் ஊர் முக்கில் நிற்கும் வேனைத் தவறவிட்டால் அன்றைய ஷிப்ட் போய்விடும். இந்த வண்டிகள் அரசுப் பேருந்துக் கழகத்தின் கணக்கில் வராதவை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அவற்றின் பர்மிட் இருக்கும். எந்த ஊரில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பது கம்பெனியின் மனிதவளப் பிரிவில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கடமை யாருக்கும் எழுதப்படவில்லை.

கணக்கெடுத்ததால் கொள்கை உறுதிப்பட்ட ஒரு நல்ல சான்றும் இதே திருப்பூரில் உண்டு. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. இப்போது அதை விடியல் பயணம் என்கிறார்கள். மாநிலத் திட்டக் குழு அதன் விளைவை ஆராய நாகப்பட்டினம், மதுரை, திருப்பூர் ஆகிய மூன்று மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று ஆய்வு சொன்னது. அந்த எண் சட்டமன்றத்திலும் வரவுசெலவுத் திட்டத்திலும் திரும்பத் திரும்பப் பேசப்பட்டது, மற்ற மாநிலங்களும் கவனித்தன. ஓர் ஆய்வு எண் அரசின் முடிவுக்குள் நுழைந்து நிலைத்த அரிய தருணம் அது.

அந்த ஆய்வோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் கவலை. வேனில் வரும் பெண் ஏன் பேருந்துக்கு வரவில்லை? ஒன்றரை ஷிப்ட் முடியும் நேரத்தில் அவள் ஊருக்கு டவுன் பஸ் இருக்கிறதா? கடைசி பஸ் எட்டு மணிக்குப் போய்விட்டால் 888 ரூபாய் அவளுக்கு இல்லை. நடத்துநரின் டிக்கெட் மெஷினில் ஒவ்வொரு பயணமும் எந்த நிறுத்தத்தில், எத்தனை மணிக்கு என்று பதிவாகிறது, கட்டணமில்லாப் பயணமும் சேர்த்து. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கோவைக் கோட்டத்தில் அந்தத் தரவு இருக்கிறது. அதைப் பனியன் கம்பெனிகளின் ஷிப்ட் நேரத்தோடு பொருத்திப் பார்த்தால் எந்த வழித்தடத்தில் எத்தனை மணிக்கு ஒரு நடை கூட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். புதிய பாலம் கட்ட ஐந்து ஆண்டு. பேருந்து அட்டவணையை மாற்ற ஐந்து வாரம் போதும்.

எந்த நாளில் எண்ணுவது என்பதும் இந்த ஊரில் பெரிய கேள்வி. சம்பள நாளான சனிக்கிழமை மாலை வேறு ஊர், ஞாயிறு வேறு ஊர். தீபாவளி போனஸ் வாரத்தில் குமரன் ரோட்டில் நடக்க இடமிருக்காது. பொங்கல் வாரத்தில் பாதி ஊர் காலி. 2023 மார்ச் தொடக்கத்தில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது ரயில் நிலையத்தில் ஊருக்குப் போகிறவர்களின் கூட்டம் நெரிந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டபோது ஆர்டர்கள் நின்று, ஷிப்டுகள் குறைந்தன. ஒரு சாதாரண வாரத்தில் எண்ணி, அதை ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று இருபது ஆண்டுக்கு நேர்கோட்டில் நீட்டிப் போடும் கணிப்பு இந்த ஊரில் பொய்யாகிவிடும். எங்கும் ஓரளவு பொய்யாகும், இங்கே கட்டாயம் ஆகும்.

அடித்தளமாக இருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கோ பதினைந்து வயதாகிவிட்டது. வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்று 2011 கணக்கெடுப்பு கேட்டது. விவசாயம், குடிசைத்தொழில் நீங்கலான தொழிலாளர்களுக்கு மட்டும் அந்த அட்டவணை இருக்கிறது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு நடக்கவிருக்கிறது. பழைய எண்ணின் விலை என்ன என்பதைப் பக்கத்து ஊர் பார்த்துவிட்டது. 2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ ரயில் திட்டங்களை ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ கொள்கையின் 20 லட்சம் மக்கள்தொகை வரம்பை இரண்டு நகரங்களும் தொடவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்த மக்கள்தொகை 2011-இன் எண். மெட்ரோ வேண்டுமா வேண்டாமா என்று இருபக்கமும் வாதாடலாம். 2011-இன் எண்ணை வைத்து 2040-இன் ஊரை முடிவுசெய்வதை யாரும் நியாயப்படுத்த முடியாது.

திருப்பூருக்கு இந்தப் பாடம் புதிதல்ல. நொய்யலின் மேல் 1990-களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிந்தது. சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கி, பாசனத்துக்காகக் கட்டிய அணையிலிருந்து தண்ணீர் திறக்க வேண்டாம் என்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது. ஆய்வுகள் இல்லாமல் இல்லை. மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் பாழான நிலம், கிணறு, மீன், குடிநீர் என்று ஒவ்வொன்றுக்கும் இழப்பை ரூபாயில் கணக்கிட்டு 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளிலேயே எழுதினார்கள். எண்கள் மேசைமேல் இருந்தன. முடிவு மட்டும் நகரவில்லை. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கழிவே வெளியேறக் கூடாது என்றது. 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும் பிளீச்சிங் பட்டறைகளையும் மொத்தமாக மூடச் சொன்னது. எழுநூறுக்கும் அதிகமான பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன. பத்தாண்டில் படிப்படியாகச் செலவழித்துச் சரிசெய்திருக்கக்கூடியதை ஊர் ஒரே வாரத்தில் வேலையாகவும் கூலியாகவும் இழந்தது. இன்று கழிவைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவதில் திருப்பூர் நாட்டுக்கே வழிகாட்டுகிறது. அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வழி அப்படி இருந்திருக்க வேண்டியதில்லை.

சாலைகளுக்கும் அப்படியொரு நாள் வரலாம் என்பதை மிகையாகச் சொல்லவில்லை. சாலைப் பாதுகாப்பில் இந்தியா முழுவதற்குமான நீதிமன்ற உத்தரவு புறப்பட்டதே கொங்கு நாட்டிலிருந்துதான். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அறுவை அரங்கில் நாள்தோறும் கண்டதை அவர் சட்டக் கேள்வியாக்கினார். 2014 ஏப்ரலில் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2017 நவம்பர் 30 தீர்ப்பு மாநிலங்களுக்குப் பல கட்டளைகளை இட்டது. மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஆட்சியர் தலைமையில் கூடும் அந்தக் குழுவில் காவல்துறை, நெடுஞ்சாலைத்துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், சுகாதாரத்துறை எல்லாம் ஒரே மேசையில் உட்காருகின்றன. ஆராய்ச்சியும் முடிவும் சந்திக்க மாவட்ட அளவில் இதைவிட நல்ல இடம் வேறு இல்லை.

அந்த மேசைக்கு வரக்கூடிய தரவும் இப்போது இருக்கிறது. 2021-இலிருந்து காவலர்கள் விபத்து நடந்த இடத்திலேயே செயலியில் விவரம் பதிவு செய்கிறார்கள். சென்னை ஐஐடி உருவாக்க உதவிய அந்த முறையில் முதலில் இறங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. அதற்காக மருத்துவமனை அனுப்பும் ஒவ்வொரு பில்லும் ஒரு விபத்தின் சாட்சி. 108 ஆம்புலன்ஸுக்கு வரும் ஒவ்வொரு அழைப்பிலும் இடமும் நேரமும் உண்டு. காவலரின் செயலி, மருத்துவமனையின் பில், ஆம்புலன்ஸின் அழைப்பு ஆகிய மூன்றையும் மாதத்துக்கு ஒருமுறை நேர்வைத்துப் பார்த்தால், ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத விபத்துகள் தாமாக மேலே வரும். 2018 முதல் 2020 வரை நடந்தது போன்ற ஒரு நழுவல் மாவட்ட அளவிலேயே, மாதத்துக்குள்ளேயே பிடிபட்டுவிடும்.

ஆய்வு என்றாலே சரியாக இருக்கும் என்றும் நம்பிவிட முடியாது. டில்லியில் 2008-இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குப் பேருந்துக்கென்று தனித்தடம் போட்டார்கள். அதை எதிர்த்து வழக்குப் போடப்பட்டது. மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் 2012-இல் அந்தத் தடம் இல்லாமல் இருப்பதே மேல் என்று அறிக்கை கொடுத்தது. உயர் நீதிமன்றம் சாலை நகர்த்த வேண்டியது மனிதர்களை என்ற நிலையில் நின்று அந்த ஆண்டு அக்டோபரில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆயினும் 2016-இல் தடம் இடிக்கப்பட்டது. அறிக்கை எழுதுபவர் எதை எண்ணத் தொடங்குகிறார் என்பதிலேயே பாதி முடிவு அடங்கியிருக்கிறது. ஆய்வை ஒப்படைக்கும் மாநகராட்சி முதலில் கேட்க வேண்டியது இதை.

ஸ்டாக்ஹோமில் வேறு மாதிரி செய்தார்கள். நகருக்குள் நுழையும் வண்டிகளுக்குக் கட்டணம் என்ற திட்டத்தை முதலில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். 2006 ஜனவரி முதல் ஜூலை வரை ஏழு மாதம் சோதனையாக நடத்தி, முன்னும் பின்னும் அளந்து, அளந்ததை வெளியிட்டார்கள். உள்ளே வரும் போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. செப்டம்பரில் வாக்கெடுப்பு நடந்தபோது நகர மக்களில் பெரும்பான்மை ஆதரித்தது. திருப்பூரில் கட்டணம் போடச் சொல்லி இதை எழுதவில்லை. சோதனைக்கு இங்கே எளிதான விஷயங்களே நிறைய இருக்கின்றன: பக்கத்துப் பக்கத்துக் கம்பெனிகள் ஷிப்ட் தொடங்கும் நேரத்தை அரைமணி மாற்றி வைப்பது, சரக்கு வண்டிகளுக்கு ஒரு பாலத்தில் நண்பகல் நேரத்தை ஒதுக்குவது, இரவு ஒன்பதரைக்கு இரண்டு டவுன் பஸ் விடுவது. ஒவ்வொன்றையும் மூன்று மாதம் செய்து, செய்வதற்கு முன்னும் பின்னும் எண்ணி, எண்ணியதை ஊருக்குக் காட்டலாம்.

இவற்றைச் செய்யாமலும் திட்டங்கள் வரும். ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் 2017-இல் சேர்ந்த பிறகு பேருந்து நிலையம், வாகன நிறுத்தம் என்று கட்டடங்கள் எழும்பின. ஏற்றுமதியை ஒரு லட்சம் கோடி ரூபாயாக்க வேண்டும் என்று தொழில்துறை இலக்கு வைத்திருக்கிறது. அதற்கேற்ற சாலைகள், சுற்றுவழிகள், பாலங்கள் என்று கோரிக்கைகள் அடுக்கப்படும், பணமும் ஒதுக்கப்படும். 2027 பிப்ரவரியில் கணக்கெடுப்பாளர் பெருமாநல்லூர் சாலையை ஒட்டிய ஒரு லைன் வீட்டின் கதவைத் தட்டும்போது, உள்ளே தங்கியிருக்கும் எட்டுப் பேரும் ஷிப்டில் இருப்பார்கள். அவர் இரவில் திரும்பி வந்து அவர்களை எண்ணிக்கொண்டாலும், எவ்வளவு தூரம் எதில் போகிறார்கள் என்ற அட்டவணை அச்சாகி வெளிவரப் பல ஆண்டுகள் ஆகும். 2011-இல் அப்படித்தான் ஆயிற்று. அந்த எட்டுப் பேரும் நடந்து போகும் தெருவுக்கான வரைபடம் அதற்கு முன்பே கையெழுத்தாகிவிடும்.